சத்திரசிகிச்சைக்குப் பின் நாரி

மாமாங்கேஸ்வரர் ஆலயமும் தீர்த்தக் கேணியும் விளங்கும் அமிர்தகழியிலே, மட்டக்களப்பு வாவியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. தோணியில் நின்று வீச்சுவலை எறிபவருக்கும், படுவான்கரை வயலிலே குனிந்து கதிர் அறுப்பவருக்கும், நெல்மூட்டை சுமப்பவருக்கும் நாரியே முதல். நாரி தளர்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆதலால், நாரியிலே சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமென்று வைத்தியர் கூறியதும், “இனி எழுந்து நடப்பேனா? தொழிலுக்குப் போவேனா?” என்ற வினாவே முதலில் எழுகின்றது. அவ்வினாவுக்கு மருத்துவ உலகம் விடை கண்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. தட்டின் உட்பகுதி பிதுங்கி நரம்பை நெருக்கும்போது, நாரியிலிருந்து கால்வரை நோவு ஓடுகின்றது. இக்கால் நோவைப் பற்றி நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொட்டுன்னோ 1764ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதினார். எனினும், அதற்குத் தட்டே காரணமாகலாம் என்பது தெளிவாக நிறுவப்பட மேலும் 170 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர் 1934இல் 19 நோயாளரின் விவரங்களை வெளியிட்டனர். அதுவரை கட்டி என்று கருதப்பட்டவற்றுட் பல உண்மையில் பிதுங்கிய தட்டே என அவர்கள் காட்டினர்.

நமது அயலிலே, வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் பா. இராமமூர்த்தியும் நரம்புச் சத்திரசிகிச்சைத் துறைகளைத் தொடங்கினர். 1977இல் யசர்கில், காஸ்பர் ஆகியோர் நுணுக்குக்காட்டியின் துணையுடன் சிறு வெட்டின் வழியே தட்டை அகற்றும் முறையை வெளியிட்டனர். வெட்டுச் சிறிதாயிற்று, தசைக்கு நேரும் சேதமும் குறைந்தது.

ஆயினும், கத்தியின் வேலை முடிந்த பின்னர் நோயாளி என்ன செய்ய வேண்டும்? முற்காலத்தில் நீண்ட படுக்கையே விதிக்கப்பட்டது. அசைந்தால் தட்டு மீண்டும் பிதுங்கும் என்று அஞ்சினர். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. சுவீடன் நாட்டு நக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் தட்டிலே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட முன்சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும், குனிந்து பாரம் தூக்கும்போதும் அழுத்தம் மிகுந்திருந்தது. ஆனால் நடையோ அத்தகைய பாரமன்று. கலிபோர்னியாவில் கராஜியும் துணைவர்களும் 152 நோயாளருக்கு எவ்விதத் தடையும் விதிக்காது, விரைவிலே வழமையான வாழ்வுக்குத் திரும்பச் சொன்னார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்விலே, தட்டு மீண்டும் பிதுங்குவது அதனால் மிகவில்லை. சத்திரசிகிச்சைக்கு நான்கு அல்லது ஆறு வாரங்களின் பின் முறையான தேகப்பயிற்சி தொடங்கியவர்கள் விரைவாகத் தேறுகின்றனர் என்பதும் பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியதில் தெரியவந்தது.

நோர்வேயின் வெபர் 1983இல் மற்றோர் உண்மையை உரைத்தார். கத்தி கட்டாயமா என்பது ஐயமாயிருந்த 126 பேரை அவர் இரு பிரிவாக்கினார். ஓராண்டின் பின் சத்திரசிகிச்சை பெற்றவர்களே தெளிவாக நலமாயிருந்தனர். பத்தாண்டின் பின்போ இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. எனவே கத்தி தருவது பெரும்பாலும் விரைவான ஆறுதலே என்பது புலனாகின்றது.

அவ்வாறாயின், ஒருவர் விரைவாகவும் மற்றவர் மெதுவாகவும் தேறுவது ஏன்? நரம்பு நெடுநாள் நெருக்குண்டிருந்தால் பலன் குறையும். ஆறு மாதத்துக்கு மேல் கால் நோவைச் சகித்திருந்தோர் பிந்தியே தேறுவர். தட்டுக்கு நேரான இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. சுற்றியுள்ள இடத்திலிருந்து கசியும் உணவையே அது நம்பியிருக்கின்றது. புகை அந்த ஊட்டத்தைக் குலைப்பதால், சுருட்டும் பீடியும் நாரிக்குப் பகை. மிகுந்த உடற்பருமனும் கட்டுப்படாத நீரிழிவும் தேறுதலைத் தாமதப்படுத்தும். மனச்சோர்வும் அச்சமும் இவற்றுக்குக் குறைந்தவையல்ல.

எதிர்பார்ப்பும் அளவோடிருத்தல் வேண்டும். கால் நோவு பலருக்கு விரைவில் தணியும். நாரி நோவு அவ்வளவு எளிதில் அகலாது. விறைப்பு நீங்க மாதங்கள் செல்லலாம். நூற்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 15 பேருக்குத் தட்டு மீண்டும் பிதுங்கலாம். ஆகவே, நடை முதல் நாட்களிலேயே தொடங்கலாம். மூட்டையும் வலையும் எப்போது என்பதை வைத்தியரிடம் கேட்டறிவதே முறை. கூலித் தொழிலாளி பசிக்கு அஞ்சி முந்திச் சுமை தூக்காதபடி, அச்சில வாரங்கள் வீட்டாரும் அயலாரும் தோள் கொடுத்தல் மருந்துக்கு நிகராகும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. சிறுநீர் கழிக்க இயலாமை, தொடைகளின் நடுவே மரத்துப்போதல், பாதம் திடீரெனத் தளர்தல் ஆகியவை தோன்றினால், எண்ணெய் பூசிப் பொழுது போக்காது உடனே வைத்தியசாலையை அடைக. அங்கே இழக்கும் ஒரு நாள், ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும்.