மண்புழு கொடுத்து மரியாவைக் கூப்பிட்டவர்

காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தென் அமெரிக்கப் பறவைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அரியர் விழுந்தால் இந்தக் கட்டுரைதான் காரணம் :-) ஆனால் சுற்றிச் சுற்றி அது எங்கள் பாடத்திலேயே வந்து முட்டியது. ஒரு சரக்கை ஒரே முறை விற்பது லாபமா, தினமும் வாடகைக்கு விடுவது லாபமா?

இடம் ஈக்வடார். பூமத்திய ரேகை மேலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன நாடு. தமிழ்நாட்டைப் போல சுமார் இரண்டு மடங்குதான் இருக்கும். ஆனால் பறவை இனங்கள் 1,600க்கும் மேல்! மொத்த இந்தியாவிலும் அவ்வளவு கிடையாது. எல்லாம் ஆண்டிஸ் மலையின் வேலை. தலைநகர் கீட்டோவே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கிளம்பினால் சுமார் 4,000 மீட்டரில் ஒரு கணவாய். பல் கிட்டித்துப் போகும் குளிர். அன்று சாயங்காலத்துக்குள் அமேசான் காட்டுக்கு இறங்கிச் சட்டை நனைய வியர்க்கலாம். மேற்கே இறங்கினால் எப்போதும் பனிமூட்டமாக இருக்கும் மழைக்காடு. உயரம் மாற மாற பறவைகளும் மாறிக்கொண்டே போகும். இரண்டு வாரத்தில் சில நூறு இனங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் வழிகாட்டியோடு வந்து இறங்குவது இதனால்தான்.

இந்தப் பறவைகளுக்கு வெளிநாட்டு கிராக்கி வந்தது இப்போது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பியில் இறகு வைப்பது ஃபேஷன். ஆண்டிஸ் மலையிலிருந்து ஹம்மிங்பேர்டுகளை உரித்து, காய வைத்து, ஆயிரக்கணக்கில் கப்பல் ஏற்றினார்கள். 'பொகோட்டா தோல்', 'கீட்டோ தோல்' என்று அந்தச் சரக்குக்குப் பெயரே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானிகளும் அதே வியாபாரிகளிடம் தோல் வாங்கித்தான் பல புது இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். சீட்டில் இருந்தது ஏற்றுமதியான ஊரின் பெயர். பறவை எந்தக் காட்டில் வாழ்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. பிறகு அருங்காட்சியகங்களே ஆள் அனுப்பின. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஃபிராங்க் சாப்மன் 1926ல் ஈக்வடார் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அதற்கும் அடிப்படை துப்பாக்கிதான். அந்தக் காலத்தில் வேறு வழியும் இல்லை.

பைனாகுலரோடு கூட்டமாக வருவது 1970களுக்குப் பிறகு சூடுபிடித்தது. அமெரிக்காவில் விக்டர் இமானுவல் தன் பறவைச் சுற்றுலா நிறுவனத்தை 1976ல் ஆரம்பித்தார். வழிகாட்டியின் ஆயுதம் கேசட் ரெக்கார்டர். பறவையின் குரலையே போட்டுக் காட்டினால், எவனோ தன் இடத்துக்குள் வந்துவிட்டான் என்று அது கோபமாக வெளியே வரும்.

ஆன்ட்பிட்டா மட்டும் இதற்கும் லேசில் மசியாது. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். முட்டைக்கு நீளமாகக் கால் முளைத்த மாதிரி உருவம். இருட்டான புதரில், தரையில் ஓடும். குரல் கேட்கும், ஆள் தெரியாது. இதன் ஒரு இனம் 1997 வரை அறிவியலுக்கே தெரியாமல் தெற்கு ஈக்வடாரில் ஒளிந்திருந்தது. அந்த வருடம் நவம்பரில் ராபர்ட் ரிட்ஜ்லி ஒரு புதிய குரலைக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார். அதைக் காப்பாற்ற 1998ல் ஹோகோடோகோ அறக்கட்டளை உருவானது.

இப்போது நம் ஹீரோ. மிண்டோ என்ற ஊரின் பக்கத்தில் ஆன்ஹெல் பாஸ் என்ற விவசாயி. அவருடைய நிலத்தில் 'காக் ஆஃப் தி ராக்' என்ற ரத்தச் சிவப்புப் பறவைகள் விடிகாலையில் கூடி ஆடும் இடம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்களே என்று 2005 வாக்கில் அங்கே போக ஒரு பாதை வெட்டினார். வெட்டிய மண்ணில் புழு பொறுக்க ஒரு பறவை வந்தது. ராட்சத ஆன்ட்பிட்டா! 1866லேயே பெயர் வைக்கப்பட்டது, ஆனால் ஆயுள் முழுக்கப் பறவை பார்த்தவர்களே பார்த்திராதது. பாஸ் மண்புழுவை வீசினார். அது ஓடிப் போனது. மறுபடி வீசினார். பொறுமையாகப் பழக்கினார். கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காட்டுக்குள்ளிருந்து வர ஆரம்பித்தது. பெயர் மரியா.

அடுத்தடுத்து மற்ற இனங்களும் பழகின. இடுப்பை ஆட்டும் ஒரு குட்டி ஆன்ட்பிட்டாவுக்கு ஷகீரா என்றே பெயர் வைத்துவிட்டார் :-) புழு வித்தை கொலம்பியா மலைகள் வரை பரவியது. இனி மரத்தை வெட்டினால் வருமானம் போய்விடும் என்று கணக்கு மாறியது.

இது பறவை பார்ப்பதே இல்லை, கோழிக்குத் தீனி போடுவது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வேறு ஒன்றுதான் உறுத்துகிறது. பயணிகள் கொடுக்கும் சில ஆயிரம் டாலரில் பெரும்பங்கு விமானத்துக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. காட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கு நுழைவுக் கட்டணம். அதுவும் அவர்கள் வந்தால்தான். 2020ல் கொரோனா விமானங்களை நிறுத்தியது. 2024 ஜனவரியில் போதைக் கும்பல்களின் வன்முறையால் நாட்டில் ஆயுத மோதல் நிலவுவதாக ஜனாதிபதியே அறிவித்தார். அந்த மாதிரி நாட்களில் யார் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வருவார்?

வாடகைக்கு விடும் கடையில் வாடகைக்காரர் இல்லாத மாதமும் உண்டு. ஆனால் மரியாவைப் பழக்கத்தில் வைத்திருக்க அந்த மாதமும் புழு தோண்ட வேண்டும். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் சாரிடம் கேட்கலாமென்று இருக்கிறேன். ஃபிக்ஸட் காஸ்ட் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?