மீன் மேல் சீஸ்: ஒட்டாத கதை

வெள்ளை மீன் துண்டில் சீஸ் துருவிப் போட்டு ஓவனில் வைத்தால் அரை மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு ரெடி. ஆனால் விளைமீனும் பாறையும் கரையேறும் கூடங்குளம் பக்கத்து இடிந்தகரையில் இது ஏன் பழக்கமாகவில்லை?

சீஸ் தின்னும் போர்ச்சுகீசியர் 1530-களிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்கள். 1542-ல் சவேரியாரும் வந்தார். வேதம் தங்கியது. அவர்கள் கொண்டுவந்த மிளகாய் மீன்குழம்பையே சிவப்பாக்கிவிட்டது. சீஸ் மட்டும் தங்கவில்லை.

வெயில் ஒரு காரணம். இன்னொன்று, மீனையும் பாலையும் சேர்த்து உண்ணாதே என்று சரக சம்ஹிதையே விலக்கியிருக்கிறது. வெண்குஷ்டம் வரும் என்ற பயம் வீடுகளில் இன்றும் உண்டு (நவீன மருத்துவம் இதை ஏற்கவில்லை). வேடிக்கை என்னவென்றால், கத்தோலிக்க ஐரோப்பாவிலும் தவக்காலத்தில் மீனுக்கு அனுமதி இருந்தது, சீஸுக்கு நெடுங்காலம் தடை! போதாக்குறைக்கு, இங்கே ஓவன் இல்லாத அடுப்படியில் சீஸின் வேலையை அரைத்த தேங்காயே பார்த்துக்கொண்டது.

1988 ஒப்பந்தத்தின்படி அணுஉலை கட்ட வந்த ரஷ்யர்களின் நாட்டில் மீன் மேல் சீஸ் போட்டுச் சுடுவது சாதாரணம். 2011-ல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்த இடிந்தகரைப் பெண்களின் கவலையோ வேறு: உலையைக் குளிர்வித்த வெந்நீர் கடலில் கலந்தால், குழம்புக்கு மீன் கிடைக்குமா?