வெளிநாட்டு உதவி: கொடுப்பவருக்கு என்ன லாபம்?

ஒரு பணக்கார நாடு இன்னொரு நாட்டில் அணை கட்டப் பணம் தருகிறது. நல்ல விஷயம்தானே என்று நினைப்பீர்கள். இருங்க, மலேசியாவில் நடந்த ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பெர்காவ் அணை: என்ன நடந்தது?

1988இல் மலேசியாவுக்கு ஆயுதம் விற்கப் பிரிட்டன் பேச்சு நடத்தியது. மார்ச் மாதம் கையெழுத்தான குறிப்பில், விற்பனை மதிப்பில் 20 விழுக்காட்டை உதவியாகத் தரும் யோசனை இருந்தது. பிறகு, ஆயுதம் வேறு, உதவி வேறு என்று பிரிட்டன் விலகிக்கொண்டது. ஆனாலும் கிளந்தானில் நீர்மின் நிலையம் கட்ட உதவும் பேச்சு தொடர்ந்தது.

பிரிட்டனின் உதவித் துறைப் பொருளியல் நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். எரிவாயுவில் மின்சாரம் எடுப்பதே மலிவு என்று தெரிந்தது. துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர் 1991இல் எழுத்து மூலம் ஆட்சேபித்தார். அப்படியும் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஒப்புதல் தந்தார். தொகை 234 மில்லியன் பவுண்.

கட்டுமான வேலை யாருக்குப் போனது? பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு.

நீதிமன்றம் என்ன சொன்னது?

பிரிட்டனின் உலக மேம்பாட்டு இயக்கம் வழக்குத் தொடுத்தது. 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த முடிவு சட்டவிரோதம் என்றது. பொருளியல் ரீதியில் பலன் தரும் மேம்பாட்டுக்கே உதவிப் பணம் என்பது சட்டம். இந்தத் திட்டம் அதில் தேறவில்லை.

அணை வந்ததே, அது போதாதா?

நியாயமான கேள்வி. பெர்காவ் நிலையம் 600 மெகாவாட் திறன் கொண்டது. மின்சாரம் கிடைக்கத்தான் செய்கிறது. கொடுப்பவருக்கு லாபம் இருப்பதாலேயே ஓர் உதவி கெட்டதாகிவிடாது. அந்த லாபத்துக்காக மலிவான வழியைத் தள்ளிவிடும்போதுதான் சிக்கல். கூடுதல் செலவை யாராவது சுமக்கணும். இன்னும் ஏழ்மையான நாடுகளுக்குப் போயிருக்கக்கூடிய பணமும் கைமாறிப் போகிறது.

பிறகு என்ன மாறியது?

தன் நிறுவனங்களிடம்தான் பொருள் வாங்கணும் என்ற நிபந்தனையைப் பிரிட்டன் 2001இல் கைவிட்டது. மேம்பாட்டு உதவியின் நோக்கம் வறுமைக் குறைப்பு என்று 2002இல் சட்டத்திலும் எழுதியது.

அடுத்த முறை உதவிச் செய்தி படிக்கும்போது

இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்:

• குத்தகை யாருக்குப் போகிறது?
• இதைவிட மலிவான வழி இருந்ததா?
• கொடுப்பவருக்கு எந்த லாபமும் இல்லையென்றால், இதே திட்டத்துக்குப் பணம் தந்திருப்பார்களா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், முதல் இரண்டையும் இன்னொரு முறை கேளுங்கள்.