வாட்கட்டர் தோட்டா: இலக்கு அட்டையிலிருந்து தற்காப்புக்கு

.38 ஸ்பெஷல் வாட்கட்டர் தோட்டாவை முதன்முறை பார்ப்பவர் அதை வெறும் கூடு என்றே நினைப்பார். குண்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது. பித்தளைக் கூட்டின் வாயோடு சமமாக, வட்டமான ஈயப் பரப்பு மட்டும் தெரியும். உள்ளே இருப்பது 148 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9.6 கிராம் எடையுள்ள ஈய உருளை. அதன் அடிப்புறம் குடைந்திருக்கும். அதற்கும் கீழே ஒரு சிட்டிகை வெடிமருந்து. அமெரிக்காவில் பல தலைமுறைகளாகப் போட்டிக்கும் பயிற்சிக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட இந்தத் தோட்டாவை, இன்று சிறிய ரிவால்வரைத் தற்காப்புக்கு வைத்திருப்போர் பலர் விரும்பித் தேர்கிறார்கள். இந்த நெடுங்காலத்தில் குண்டு பெரிதாக மாறவில்லை. அதை மதிப்பிடும் அளவுகோல்தான் மாறியது. அந்த மாற்றத்தின் தடத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

தட்டை முகக் குண்டைப் போட்டிக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வெப்லி ரிவால்வருக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் 1898-ல் ஏற்ற .455 மார்க் 3 தோட்டாவில், முனையிலும் அடியிலும் குழிவுள்ள மழுங்கிய ஈய உருளையே குண்டாக இருந்தது. ‘மேன்ஸ்டாப்பர்’ என்பது அதன் பெயர். உருண்டை முனைக் குண்டு பட்ட பிறகும் எதிராளி ஓடி வருகிறான் என்று காலனிப் போர்க்களங்களிலிருந்து வந்த புகாருக்கு விடையாக அது உருவானது. கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதச் சாலையில் அதே ஆண்டுகளில் உருவான ரைஃபிள் குண்டும் அதே கவலையில் பிறந்ததுதான். உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899-ல் ஹேக் மாநாடு தடை விதித்ததும் மார்க் 3 திரும்பப் பெறப்பட்டது. முனைக் குழிவை நீக்கி, தட்டை முகத்தோடு 1912-ல் வந்த மார்க் 4-உம் முதல் உலகப் போர் தொடங்கியபின் நிலைக்கவில்லை. ராணுவம் பழைய உருண்டை முனைக்கே திரும்பியது. தற்காப்புக்குத் தட்டை முகம் என்ற எண்ணம் நம் காலத்துப் புதுமை அல்ல என்பதற்காகவே இதை இங்கே பதிகிறேன்.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் நடந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் .38 ஸ்பெஷலை வெளியிட்டது. 1900-ல் அமெரிக்க ரிவால்வர் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தில் முன்னணியில் இருந்த ஏ. எல். ஏ. ஹிம்மல்ரைட் வடிவமைத்த தட்டை முகக் குண்டுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போட்டிக்காரர்களிடம் பரவின. அவர்களுடைய தேவை எளியது. உருண்டை முனைக் குண்டு அட்டையைக் கிழித்து ஒதுக்கிக்கொண்டு போகும். பின்னால் இழைகள் மறுபடி சுருங்கி, துளை குண்டைவிடச் சிறியதாக, பிசிறோடு நிற்கும். அது 9-ஆம் வளையக் கோட்டைத் தொட்டதா, 10-ஆம் வளையத்தைத் தொட்டதா என்று நடுவரோடு வாதாட வேண்டியிருக்கும். வாட்கட்டரின் கூர்விளிம்போ பஞ்ச் கருவியைப் போல வட்டத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிடும். வளையக் கோட்டில் மயிரிழை பட்டாலும் துளையின் ஓரத்தில் தெளிவாகத் தெரியும்.

இத்தோட்டாவின் மென்மைக்கு .38 ஸ்பெஷலின் பிறப்பே ஒரு காரணம். கரும்புகை மருந்துக்காக வடிவமைத்த கூடு அது. உள்ளே இடம் அதிகம். புகையற்ற மருந்து வந்தபோது அந்த இடத்தில் சிறு பங்கே போதும் என்றாயிற்று. லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனத்தில் தொடங்கி, பிற்காலத்தில் ஹெர்குலிஸ் தயாரித்த ‘புல்ஸ் ஐ’ மருந்தில் 2.7 கிரெயின்தான் போட்டிக்காரர்களின் வழக்கமான அளவு. கால் கிராம்கூட இல்லை. குண்டைக் கூட்டுக்குள் முழுவதுமாக அமிழ்த்தும்போது வெற்றிடம் குறைகிறது, மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே சீராக எரிகிறது. அழுத்தம் குறைவாக இருந்தாலும் குண்டின் குடைந்த அடிப்புறம் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களை இறுக அடைத்துக்கொள்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் 700 அடி. 158 கிரெயின் காவல் தோட்டாவின் 755 அடியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் குண்டும் இலகு, மருந்தும் குறைவு என்பதால் கையில் உதைப்பு நன்றாகவே குறைந்துவிடும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடமிருந்து 1947-ல் வந்த கே-38 ரிவால்வரும், வாட்கட்டரைத் தவிர வேறு தோட்டாவை ஏற்காத வகையில் 1961-ல் வந்த மாடல் 52 பிஸ்டலும் இதன் போட்டி வாழ்க்கையின் உச்சம். ஐரோப்பாவில் இதே வடிவம் .32 அளவில் சர்வதேச சென்டர் ஃபயர் போட்டிகளுக்குள் நுழைந்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அப்பிரிவில் 590 புள்ளிகளோடு உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்ற ஜஸ்பால் ராணாவை இந்திய வாசகர்கள் அறிவார்கள்.

அமெரிக்கக் காவல் துறைகளிலும் வாட்கட்டர் பயிற்சித் தோட்டாவாக இடம்பிடித்தது. விலை மலிவு, உதைப்பு குறைவு, புதியவர்கள் மிரளமாட்டார்கள். சிக்கலும் அங்கிருந்தே தொடங்கியது. பயிற்சிக் களத்தில் ஒன்று, இடுப்பில் வேறொன்று. 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் ஒரே மோதலில் கொல்லப்பட்டார்கள். .38-ல் பழகிய கைகள் .357 மேக்னத்தின் உதைப்பையும் வெடிச்சத்தத்தையும் நெருக்கடியில்தான் சந்தித்தன என்ற விமர்சனம் அதன்பின் எழுந்தது. அம்மோதலைப் பற்றிப் பரவிய கதைகள் எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. இந்த ஒரு குறை உண்மையானது. ஆயினும் அன்று யாரும் வாட்கட்டரையே இடுப்பில் வைக்கலாம் என்று முடிவு செய்யவில்லை. துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் முன்வைத்த, முனை நீண்ட செமி வாட்கட்டரும் 1935-ல் பிறந்த .357 மேக்னமும் வளர்த்த எண்ணமே மேலோங்கி இருந்தது. வேகமும் ஆற்றலும் கூடினால் காயமும் கூடும் என்பதுதான் அது.

அந்த எண்ணத்தை அசைத்தது 1986 ஏப்ரல் 11. மயாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ முகவர் சுட்ட 9 மி.மீ. குண்டு எதிராளியின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்று, இதயத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. முகவர்கள் இருவர் இறந்தார்கள். காயவியல் அறிஞர் மார்ட்டின் ஃபேக்லர் போன்றோரின் ஆய்வுகளை வைத்து எஃப்பிஐ தன் அளவுகோலை மாற்றியது. கைத்துப்பாக்கிக் குண்டு சோதனை ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும். ஆற்றல் எண்கள் இரண்டாம் பட்சம். கைத்துப்பாக்கி, தான் நேராகத் தொட்டு நசுக்கும் திசுவைத்தான் நம்பகமாக அழிக்கிறது என்பது அதன் சாரம்.

இந்தப் புதிய அளவுகோல் வாட்கட்டருக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் அதற்கு நன்றாகவே பொருந்தியது. 2 அங்குலக் குழலில், விரிவதற்கென முனையில் குழிவுள்ள ஹாலோ பாயின்ட் குண்டுக்குப் போதிய வேகம் கிடைப்பதில்லை. துணியிழை குழிவில் அடைத்துக்கொண்டால் விரியாமல் போய்விடுகிறது. விரிந்தாலோ சில சமயம் ஆழம் போதுவதில்லை. வாட்கட்டர் விரிவதை நம்பி இல்லை. தன் முழு விட்டத்தோடு வெட்டிக்கொண்டு, தேவையான ஆழத்தைப் பெரும்பாலும் எட்டிவிடுகிறது. கேரி ராபர்ட்ஸ் முதலிய காயவியல் ஆய்வாளர்கள் குறுங்குழல் .38-க்கு இதைப் பரிந்துரைத்ததற்கு இதுவே அடிப்படை. அதோடு, அரைக் கிலோகூட இல்லாத அலாய் ரிவால்வரில் உயரழுத்தத் தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கை எரியும். இரண்டாவது குண்டு எங்கே போகும் என்பது நிச்சயமில்லை. முதியவர்களுக்கும் மணிக்கட்டு வலியுள்ளவர்களுக்கும் இது சுகம் பற்றிய பேச்சு அல்ல, குறி பற்றிய பேச்சு. என் பார்வையில் வாட்கட்டரின் வலுவான வாதம் ஜெலட்டினில்கூட இல்லை; பயிற்சிக்கும் தற்காப்புக்கும் ஒரே தோட்டா என்பதில்தான் இருக்கிறது. நியூஹால் காட்டிய பிளவு இங்கே இல்லாமல் போகிறது.

குறைகளை மறைப்பது ஆய்வு ஆகாது. வாட்கட்டரின் கூர்விளிம்பு சிலிண்டர் துளைகளின் வாயில் இடறுவதால், அவசரத்தில் மறுபடி நிரப்புவது கடினம். அதனால் சிலர் ரிவால்வரில் வாட்கட்டரையும், பையிலுள்ள மாற்றுத் தோட்டாக்களாக உருண்டை முனையையும் வைக்கிறார்கள். வேகத்தைக் கூட்டலாம் என்று குடைந்த அடியுள்ள குண்டுக்குக் கூடுதல் மருந்து போட்டால் குடைவைச் சுற்றியுள்ள மெல்லிய பாவாடைப் பகுதி பிய்ந்து குழலிலேயே தங்கிவிடக்கூடும். அடுத்த குண்டு அதில் மோதினால் ஆபத்து. அதே குண்டைத் தலைகீழாகப் பொருத்தி, குழிவை முன்னுக்குக் கொண்டுவரும் பழைய வழக்கம் ஹாலோ பாயின்டின் சிக்கல்களையே திரும்பக் கொண்டுவருகிறது. காரின் கண்ணாடி, கதவுத் தகடு போன்றவற்றின் முன் மென்மையான ஈயம் தடுமாறும். எனவே ரோந்துக் காவல் துறைகள் இதைப் பணித் தோட்டாவாக ஏற்கவில்லை, எதிர்பார்க்கவும் முடியாது. இதன் இடம் வீட்டிலும் சட்டைப்பையிலும் உள்ள ஐந்து தோட்டா ரிவால்வர்தான். ஃபெடரல் நிறுவனம் குறுங்குழல் ரிவால்வருக்கென்றே வடிவமைத்த .38 ஹெச்எஸ்டி தோட்டாவில், விரியும் குண்டையும் வாட்கட்டரைப் போலவே கூட்டின் வாயோடு சமமாக அமிழ்த்தியிருக்கிறது.