கருங்காலிப் பிடியும் ஆஷ் மரத் தண்டும்

ஜொகூர் பாருவிலோ, குளுவாங்கிலோ, பத்து பகாட்டிலோ, கடைவீட்டு மாடியில் அமைந்த ஸ்நூக்கர் கூடத்தில் இளைஞர்கள் தங்கள் கோல்களை ஒப்பிட்டுப் பேசுவதை நேயர்கள் கேட்டிருக்கலாம். ஒருவர் கோல் தாய்லாந்தில் செய்தது. மற்றொருவர் கோல் இங்கிலாந்திலிருந்து வந்தது. இரண்டும் கைவேலை என்று சொல்லித்தான் விற்கப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக மாதச் சம்பளத்தையே கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எதைக் குறிக்கிறது, எப்போது அது வெறும் பெயர்த்தகடு என்பதை வரலாற்றின் துணைகொண்டு பார்ப்போம்.

கியூ என்பது பிரெஞ்சு மொழியில் வால் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் பந்தைக் குத்தவில்லை. நுனியில் அகன்ற மரக்கட்டை பொருத்திய கோலால் தள்ளினார்கள். பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றால் அந்த அகன்ற கட்டை இடைஞ்சல் செய்யும். அப்போது கோலைத் திருப்பி அதன் மெல்லிய வால் முனையால் அடித்தார்கள். நாளடைவில் வாலே தலையாயிற்று.

வெறும் மரமுனை பந்தில் வழுக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி முனையில் தோலை ஒட்டினார். சிறையில் இருந்தபோதே அதைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தோலோடு சுண்ணமும் சேர்ந்தபின் பந்தைச் சுழலவிட முடிந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் என்பவர் சாதாரணச் சுண்ணப் பொடியையே மந்திரப் பொடிபோல் விற்றுக் காசு பார்த்தாராம். விளையாட்டுக் கருவி வணிகத்தில் விளம்பரம் நேற்று வந்ததல்ல!

இங்கே நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. ஸ்நூக்கர் பிறந்தது இங்கிலாந்தில் அன்று, இந்தியாவில். 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லைன் என்ற இளம் இராணுவ அதிகாரி, அப்போது வழக்கிலிருந்த பந்தாட்டங்களோடு வேறு வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை உருவாக்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் வேறொரு நெவில் சேம்பர்லைன், குழப்பிக்கொள்ள வேண்டாம். இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக ஸ்நூக்கர் என்பார்கள். எளிய அடியைத் தவறவிட்ட நண்பரை அப்படி அழைக்கப்போய், அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. 1880களில் அவர் நீலகிரிக்கு வந்தபோது, உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. இந்த வரலாற்றை அவரே 1938இல், முதிர்ந்த வயதில், பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். அறுபது ஆண்டுக்கு முந்தைய நினைவு என்பதால் சிறு விவரங்களைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆனால் ஆட்டத்தின் பிறப்பிடம் பற்றி இதைவிட வலுவான சான்று வேறில்லை.

ஆட்டம் இந்தியாவில் பிறந்தாலும் மேசையும் கோலும் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. லண்டனில் 1799இல் தொடங்கிய தர்ஸ்டன் மரச்சாமான் செய்தவர். பின்னர் மேசைக்குக் கற்பலகையும், ஓரத்துக்கு ரப்பரும் கொண்டுவந்தார். 1836இல் பரோஸ் அண்டு வாட்ஸ் நிறுவனம் எழுந்தது. கோல் செய்வதையே தொழிலாகக் கொண்ட பெரடான் 1885இல் லிவர்ப்பூலில் தோன்றியது. பெரடான் தன் பெயரில் மட்டுமன்றிப் பிற கம்பெனிகளின் தகடு பொருத்தியும் கோல் செய்து கொடுத்தது. ஆகவே பழைய கோலில் ஜோ டேவிஸ் என்றோ ஒரு கடையின் பெயரோ பொறித்திருந்தால், அவர்கள் அதைச் செய்தார்கள் என்று பொருளில்லை. வீரர் தம் பெயரைக் கொடுத்தார், கடைக்காரர் விற்றார், இழைப்புளி பிடித்த கைக்குப் பெயரே இல்லை.

அந்தக் கை என்ன செய்தது? கோலின் தண்டு ஆஷ் அல்லது மேப்பிள் மரத்தில் ஆனது. அவை இலேசானவை. அடிப்பகுதிக்குக் கனம் வேண்டுமென்பதால் கருங்காலி சேர்ப்பார்கள். கைவேலைக்காரர் தண்டின் அடியை நான்கு பக்கமும் சரிவாக இழைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கருங்காலித் துண்டு ஒன்றை ஒட்டிக் காயவைப்பார். பிறகு முழுவதையும் இழைப்புளியால் உருட்டுவார். உருண்டையாக வரும்போது கருங்காலியும் வெள்ளை மரமும் சந்திக்கும் இடம் வாழைப்பூ மடல்போல் வளைந்த முனையாகத் தெரியும். இயந்திரத்தில் செய்யும்போது இரண்டு மரங்களிலும் ஆப்பு வடிவில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒட்டுவார்கள். அதில் முனை ஈட்டிபோல் கூராக நிற்கும். தகட்டைப் படிப்பதைவிட இந்த முனையைப் பார்ப்பது நல்லது. இதுவும் முழுச் சான்றாகாது. துண்டுகளைக் கையால் ஒட்டிவிட்டு, மீதியை இயந்திரத்தில் கடைபவர்களும் உண்டு.

நாடுகளை ஒப்பிடும்போது நம் கருத்து இது: 1980களில் லண்டனில் ஜான் பாரிஸ் பெயர் பெற்றார், ரோனி ஓ'சல்லிவன் அவர் கோலால் ஆடியவர். ஜேம்ஸ் வாட்டனா தாய்லாந்துக்குப் புகழ் தேடித் தந்தபின் அந்நாட்டிலும் கோல் செய்பவர்கள் பெருகினார்கள். ஆங்கிலேயக் கோலில் பொதுவாக அடக்கமும், தாய்லாந்துக் கோலில் பல நிற மெல்லிய தகடுகளும் அலங்காரமும் மிகுதி. அலங்காரம் பந்தைக் குழிக்குள் தள்ளாது. ஆஷ் தண்டின் மேல்பக்கம் அம்புமுனை போன்ற கோடுகள் ஒழுங்காக வரிசையாக நிற்கின்றனவா, மரத்தின் இழையோட்டம் பக்கவாட்டில் விலகாமல் நுனிவரை போகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அந்த மரத்துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைவேலைக்காரரின் பெரும்பாதித் திறமை இருக்கிறது.

மேசையைச் சுற்றிப் பார்த்தால் நம் மக்கள் சிந்திய வியர்வையும் தெரியும். கருங்காலி என்றால் இலங்கைக் காடுகள் நினைவுக்கு வரும். நம் கிராமங்களில் உலக்கைக்கு உகந்த மரம் அது. மேசை ஓரத்தின் ரப்பரோ, ஜொகூர் போன்ற மாநிலங்களின் தோட்டங்களில் நம் முன்னோர் விடியலில் சீவிய பாலுக்கு இனம். கிளப்பின் உள்ளே ஆட இடம் கிடைக்காத காலத்திலும், அவர்கள் உழைத்த சரக்கு உள்ளே சென்றது.

விலைக்கும் வெற்றிக்கும் நேர்க்கணக்கு இல்லை என்பதற்கு ஸ்டீபன் ஹென்ட்ரியே சாட்சி. 1990க்கும் 1999க்கும் இடையில் ஏழு உலகப் பட்டங்களை அவர் வென்றது, கடையில் மலிவாக வாங்கத்தக்க சாதாரணக் கோல் ஒன்றினால். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தபோது, அவருக்கு இழப்பு பணத்தில் இல்லை; சிறுவயது முதல் கைக்குப் பழகிய ஒன்று போயிற்று.

ஜொகூர்வாசிகளுக்கு இன்னொரு கவலை உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமது ஈரக்காற்றில் மரம் நீரை உறிஞ்சும். குளிரூட்டிய கூடத்தில் அதை விட்டுவிடும். நாள்தோறும் இப்படி மாறினால் எவ்வளவு விலையுள்ள கோலும் வளையலாம். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் அதைப் போட்டு வைப்பது மிகவும் கெடுதி. வாங்கும்போது கோலை மேசைமேல் உருட்டிப் பாருங்கள். பிறகு அடிமுனையைக் கண்ணருகே வைத்து நுனிவரை பாருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அப்படியே பாருங்கள். பெயர்த்தகட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தோல்நுனி தேய்ந்து பித்தளை வளையத்தை எட்டிவிட்டதா என்றும் கவனியுங்கள்.