முகத்துவாரங்களில் பார உலோக மாசு

முகத்துவாரங்களில் பார உலோக மாசு என்பது, ஆறு கடலுடன் கலக்கும் பகுதிகளில் காட்மியம், பாதரசம், ஈயம், செப்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் இயல்பான அளவுக்கு மேல் சேர்ந்து, அங்கு வாழும் தாவரங்களிலும் விலங்குகளிலும் திரள்வதைக் குறிக்கும். கரிமக் கழிவுகளை நுண்ணுயிரிகள் காலப்போக்கில் சிதைத்துவிடுகின்றன. உலோகங்கள் தனிமங்கள் ஆதலால் சிதைவதில்லை. அவை இருக்கும் இடமும் வேதி வடிவமும் மட்டுமே மாறுகின்றன. எனவே கழிவு நிறுத்தப்பட்ட பின்னரும் மாசு பல பத்தாண்டுகள் நீடிக்கக்கூடும். பிரான்சு நாட்டின் ஜிரோந்து முகத்துவாரம் இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

சேறும் உப்பும்

சுரங்கங்கள், உலோக உருக்காலைகள், மின்முலாம் பூசும் தொழிற்கூடங்கள், நிலக்கரிச் சாம்பல் ஆகியவற்றிலிருந்து உலோகங்கள் ஆற்றை அடைகின்றன. இவற்றின் பெரும்பகுதி நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. முகத்துவாரத்தில் உப்பு நீர் கலக்கும்போது துகள்கள் ஒன்றுசேர்ந்து கனத்து அடியில் படிகின்றன. இதனால் மேல்நீரில் உலோக அளவு குறைவாகவும் அடிச்சேற்றில் பன்மடங்கு கூடுதலாகவும் இருக்கும்.

காட்மியம் இதற்கு மாறாக நடந்துகொள்கிறது. கடல்நீரிலுள்ள குளோரைடு அயனிகள் அதனுடன் பிணைந்து, துகள்களிலிருந்து அதைப் பிரித்து நீரில் கரையச் செய்கின்றன. ஆற்றில் துகளோடு வந்த காட்மியம், உப்புத்தன்மை கூடும் இடத்தில் உயிரினங்கள் எளிதில் உட்கொள்ளும் வடிவத்தைப் பெறுகிறது.

தாவரங்களில்

முகத்துவாரச் சேற்றில் ஆக்சிசன் மிகக் குறைவு. கண்டல் தாவரங்களும் உவர்ச்சதுப்புப் புற்களும் தம் வேர்களின் வழியே ஆக்சிசனைச் சேற்றுக்குள் கசியவிடுகின்றன. இதனால் வேரைச் சுற்றி இரும்பு ஆக்சைடுப் படலம் உருவாகிறது. இப்படலம் பிற உலோகங்களில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்புகும் உலோகங்களும் பெரும்பாலும் வேரிலேயே தங்குகின்றன. பிச்சாவரத்தில் மிகுதியாகக் காணப்படும் வெண்கண்டல், இலைச் சுரப்பிகள் வழியே உப்புடன் சிறிதளவு துத்தநாகத்தையும் வெளியேற்ற வல்லது. உதிரும் இலைகள் மட்கும்போது, அவற்றிலுள்ள உலோகம் அவற்றை உண்ணும் நண்டு, புழு முதலியவற்றைச் சென்றடைகிறது.

விலங்குகளில்

ஓர் உயிரினம் உலோகத்தை வெளியேற்றும் வேகத்தை விட உட்கொள்ளும் வேகம் கூடுதலாக இருந்தால் உடலில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். இது உயிர்த்திரட்சி எனப்படும். சிப்பிகள் மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்டி உண்பவை. ஓரிடத்தை விட்டு நகராதவை. ஆகவே அவற்றில் உயிர்த்திரட்சி மிகுதியாக நிகழ்கிறது.

மெட்டல்லோதயோனின் எனும் புரதம் காட்மியம், செப்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பிணைத்து, செல்லுக்குத் தீங்கு நேராமல் காக்கிறது. இப்புரதம் முதன்முதலில் 1957 இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சிப்பிக்குப் பாதுகாப்பாக அமையும் இதே ஏற்பாடு, சிப்பியை உண்பவருக்குத் தீங்காக முடிகிறது. மாசுற்ற சிப்பி நோயற்றதாகவே தோற்றமளிக்கும். சமைப்பதால் காட்மியம் அழிவதில்லை. மனிதச் சிறுநீரகத்தில் சேரும் காட்மியம் பாதியளவாகக் குறையவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

உயிர்த்திரட்சியும் உயிரியல் பெருக்கமும் வெவ்வேறானவை. பின்னது, உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் அளவு கூடிச் செல்வதைக் குறிக்கும். சேற்று நுண்ணுயிரிகளால் உருவாகும் மெத்தில் பாதரசம் இவ்வாறு பெருகுவதால், சிறு மீன்களை விட அவற்றை உண்ணும் பெரிய மீன்களில் அதன் அளவு கூடுதலாக இருக்கும். பெரும்பாலான பிற உலோகங்கள் இவ்வாறு படிப்படியாகப் பெருகுவதில்லை.

ஜிரோந்து முகத்துவாரம்

கரோன், தோர்தோஞ் ஆகிய ஆறுகள் போர்தோ நகருக்கு வடக்கே இணைந்து ஜிரோந்து முகத்துவாரமாகின்றன. இங்குள்ள சிப்பிகளில் காட்மியம் மிகுந்திருப்பது 1979 இல் கண்டறியப்பட்டது. அதன் மூலம் முகத்துவாரத்தில் இல்லை. ஆற்று வழியாக 300 கி.மீ.க்கும் அப்பால், விவியே என்ற ஊரிலிருந்த துத்தநாக ஆலையில் இருந்தது. துத்தநாகத் தாதுவில் காட்மியம் இயற்கையாகவே கலந்திருக்கும். ஆலைக் கழிவு ரியூ மோர் என்ற சிற்றாற்றின் வழியே லொத் ஆற்றையும், பின் கரோன் ஆற்றையும் அடைந்தது.

1986 இல் நேர்ந்த ஒரு கழிவுக் கசிவைத் தொடர்ந்து, 1987 இல் அங்கு தாதுவிலிருந்து துத்தநாகம் பிரிக்கும் பணி நிறுத்தப்பட்டது. ஆயினும் முகத்துவாரத்தில் சிப்பி வளர்ப்புக்கும் சேகரிப்புக்கும் 1996 இல் தடை விதிக்கப்பட்டது. மாசு செய்த ஆலையில் அப்பணி நின்று ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழிந்த பின்னர், மாசில் பங்கில்லாத கடலோரச் சிப்பித் தொழிலாளர் வாழ்வாதாரம் இழந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. சிப்பிகளில் காட்மிய அளவு பின்னர் படிப்படியாகக் குறைந்தது. எனினும் லொத் ஆற்று அணைத் தேக்கங்களின் அடிச்சேற்றில் பழைய காட்மியம் படிந்துள்ளது. பெருவெள்ளமோ அணைப் பணியோ அச்சேற்றைக் கலக்கினால் அது மீண்டும் கீழ்நோக்கிச் செல்லும்.

கண்காணிப்பு

நீர் மாதிரி ஒரு கணத்தின் நிலையை மட்டுமே காட்டும். சிப்பியின் உடலோ பல மாதங்களின் மாசைப் பதிவு செய்து வைத்திருக்கும். இதன் அடிப்படையில், மட்டிகளையும் சிப்பிகளையும் கொண்டு கடலோர மாசை அளக்கும் திட்டத்தை எட்வர்டு கோல்ட்பர்க் 1975 இல் முன்மொழிந்தார். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, சிப்பி போன்ற இரட்டை ஓடு உயிரினங்களின் ஈர எடையில் ஒரு கிலோவுக்கு 1 மி.கி. காட்மியமே உச்ச வரம்பாகும். நீர், அடிச்சேறு, உயிரினம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்தால் மட்டுமே ஒரு முகத்துவாரத்தின் உண்மையான நிலையை அறிய இயலும்.