செப்புக்கம்பியால் தைத்த படகு

லண்டனில் எங்கட பக்கத்து வீட்டுக் கிழவரின் தோட்டத்தில், தார்ப்பாயின் கீழ் ஒரு குட்டிப் படகு கனகாலமாய்க் கவிழ்ந்து கிடந்தது. ஒருநாள் அதை நிமிர்த்தி உள்ளே காட்டினார். மூலையெல்லாம் செப்புக்கம்பி முனைகள். "நானே தைத்தது" என்றார். படகைத் தைக்கிறதோ?

மிரர் படகு என்று பெயர். டெயிலி மிரர் பத்திரிகையின் ஆதரவில் 1963 இல் வந்தது. விலை 63 பவுண் 11 சிலிங். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், பிபிசி தொலைக்காட்சியில் வீட்டுத் திருத்த வேலை காட்டிய பரி பக்னெல்லும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

அதுவரை வீட்டில் மரப்படகு கட்டுவது லேசான வேலை இல்லை, பாருங்கோ. வங்குக்கால் நிறுத்தவேணும், பலகையை ஆவியில் வாட்டி வளைக்கவேணும், பொருத்து ஒரு நூல் பிசகினாலும் தண்ணீர் உள்ளே. இதற்கோ ஓடாவியின் கை தேவையில்லை. வெட்டிவந்த பிளைவூட் துண்டுகளைக் கம்பியால் தைத்து, மூட்டில் பைபர் கிளாஸ் நாடாவைப் பிசின் பூசி ஒட்டினால் சரி. 70,000க்கு மேல் கட்டினார்கள்.

சரி என்று எழுதிவிட்டேன். கிழவர் பனிக்காலத்தில் முன்னறையில் கட்டினாராம். குளிருக்குப் பிசின் இறுகவில்லை. மணம் தாங்காமல் மனிசி தாய்வீட்டுக்குப் போய்விட்டா. பிசின் பூச முன்னம் உடல் முறுகியிருக்கிறதோ என்று பார்க்க மறந்துபோனார். கடைசியில் யன்னலைக் கழற்றித்தான் வெளியே எடுத்தது! இன்றைக்கும் ஒரு பக்கம் இழுக்குமாம்.

தைத்த படகு எங்களுக்குப் புதிதில்லை. சென்னையில் துறைமுகம் கட்ட முன்னம், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த மசூலா படகு, ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்ததுதான். அலை அடித்தால் நெளிந்துகொடுக்கும். மிரரில் கம்பி பிசின் இறுகும்வரைதான். மசூலாவில் கயிறுதான் படகு.

என் அப்பப்பா வல்வெட்டித்துறையில் ஓடாவியார் ஒருவருக்குக் கையாளாக நின்றவர். அளவெல்லாம் அந்த ஓடாவியாரின் மனதில்தான். ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அப்பப்பா போக அவருக்குத் தெரிந்த கொஞ்சமும் போயிற்று. எனக்கு அதில் இன்றும் கோபம், யாரில் என்றுதான் தெரியவில்லை.

போன வருடம் கிழவர் தன்ர கட்டுமானக் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்தார். பக்கமெல்லாம் பிசின் கறை. முறுகலைப் பார்க்கச் சொன்ன வரியின் கீழ், பிந்திப்போய், பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.